இரண்டு பொட்டலமும் சிவப்பு

1

மில்லில் இந்த வாரம் எனக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ படிவங்களை நிரப்பிவிட்டேன். வீட்டுக்கு, வரிக்கு, பிள்ளைகளின் தடுப்பூசிக்கு, ஊரிலிருந்து வந்த மிளகாய்ப்பொடிப் பார்சலுக்குக்கூட ஒன்று. எதற்கும் நான் அசந்ததில்லை. இந்தப் படிவம் மட்டும் மூன்று நாளாகச் சமையலறை மேசையில் உப்பு டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

விஷயம் இதுதான். நான் வேலை பார்ப்பது ஒரு கம்பளி மில்லில், ஃபிட்டராக. எங்கள் பிரிவில் வில்ஃபிரட் என்று ஒருவர் இருக்கிறார். ஜமைக்காக்காரர், ஐம்பது வயது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சர்ச்சில் இருப்பார். மற்ற நாட்களில் சர்ச்சை மில்லுக்குக் கொண்டு வந்துவிடுவார். மெஷின் ஓடினால் பாட்டு, நின்றால் ஜெபம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக் கண்ணை மூடினாரென்றால், அவர் திறப்பதற்குள் நான் பாதிச் சோற்றை முடித்திருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை அவர் கண்ணை மூடியிருந்தபோது அவருடைய சாண்ட்விச்சை எடுத்து ஒளித்துவிட்டு, டப்பாவில் ஒரு பிடி கழிவுக் கம்பளியை வைத்தேன். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் ‘ஆமென்’ சொல்லிக் கண்ணைத் திறந்தார், கம்பளியைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கத்தவுமில்லை. டப்பாவை மூடி, மூடியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சமயம் பார்த்தேன். ஆனால் கொடுக்கவில்லை. சாண்ட்விச் என் கருவிப்பெட்டிக்குள்ளேயே காய்ந்து போனது.

மேற்பார்வையாளர் அந்தக் கம்பளியைப் பார்த்துவிட்டார். மறுநாள் பிரிவிலுள்ள அத்தனை பேருக்கும் படிவம் வந்தது. மூன்றே கேள்விகள்தான். நீங்கள் பார்த்தது என்ன? உங்களுக்கு அதில் பங்கு உண்டா? உண்டென்றால் காரணம் என்ன?

எனக்குப் படிவம் வாசித்துச் சொல்கிறவள் என் மகள் மீனா, பத்து வயது. தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் தமிழ் முடிகிற இடத்தில் பிள்ளை என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி எனக்குத் தோன்றும். நடந்ததைச் சொன்னேன். கம்பளி வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: “அப்பா, அப்புறம் அவர் என்ன சாப்பிட்டார்?”

அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. அருப்புக்கோட்டையிலும் ஒரு தரம், ஒரு விளையாட்டுக்குப் பிறகு, அதே மாதிரிக் கேள்வியில் மாட்டியிருக்கிறேன்.

2

அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் ஒரு ஜின்னிங் பாக்டரி இருந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து, பஞ்சை அமுக்கிப் பேல் கட்டி லாரியில் ஏற்றுவார்கள். கடைவீதியில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எனக்குக் கடையில் உட்கார இருப்புக் கொள்ளாது. அதனால் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு அந்தப் பாக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்திருந்தேன். சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. கறுப்புச் சட்டை ஒன்று தைத்து வைத்திருந்தேன். அம்மா அதை மட்டும் துவைக்க மாட்டாள்.

பேல் அமுக்கும் பிரஸ் ரூமுக்கு மேஸ்திரி மாரியண்ணன். எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன ஊர். அவருடைய அப்பா காலம்வரை பிறத்தியார் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். அவர்தான் முதலில் பாக்டரிக்குள் நுழைந்தவர். செருப்புப் போட்டு பிரஸ் பக்கம் யாரும் போக முடியாது. காலையில் சூடம் காட்டாமல் பேல் கட்டும் கம்பியைத் தொடமாட்டார். சுவரில் மாரியம்மன் காலண்டர் படம் ஒன்றை மாட்டி, அதற்குக் கீழே ஒரு பலகை அடித்து வைத்திருந்தார்.

அந்தப் பலகையில்தான் பூக்கட்டிப் பார்ப்பார். நம் பக்கத்துக்கு இது புதிதில்லை. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, சாமி முன்னால் வைத்து, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, யாரையாவது விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். ஊரில் கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் பார்ப்பார்கள். மாரியண்ணன் சினிமாவுக்குப் போவதற்குக்கூடப் பார்ப்பார். காலையில் மல்லிகை ஒன்று, வேலியோரச் செவ்வரளி ஒன்று. இரண்டையும் பூவரச இலையில் மடித்துச் சணலால் கட்டிப் பலகையில் வைத்துவிடுவார். “மத்தியானம் வரைக்கும் ஆத்தா யோசிக்கட்டும்” என்பார். சாப்பாட்டு நேரத்தில் எதிரே வருகிற யாரையாவது கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்.

என்னை அவருக்குப் பிடிக்கும். “ஏலே தங்கராசு, நாத்திகப் பயலே” என்றுதான் கூப்பிடுவார். அது பாக்டரி கேட்டுக்குள் மட்டும். கடைவீதியில் எங்கள் கடை முன்னால் பார்த்தால் “தம்பி, நல்லாருக்கீகளா?” என்று ஒதுங்கி நிற்பார். அந்த ‘தம்பி’ எனக்குப் பிடிக்காது. ஆனால் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

3

அறுபத்தைந்தாம் வருஷம், வைகாசி கடைசி. திங்கட்கிழமை காலை பிரஸ் ரூமில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வெள்ளைப் பொட்டலத்தைப் பிரித்து மல்லிகையை எடுத்துவிட்டு அதிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். இரண்டும் சிவப்பு.

அன்று அவர் நினைத்தது ஆட்டுக்குட்டி வாங்கலாமா என்று. சிவப்பு. “வேணாம்னுட்டா” என்று விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை காரியாபட்டியில் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போகலாமா என்று கேட்டார். சிவப்பு. போகவில்லை. புதன்கிழமை பல்வலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கலாமா என்று கேட்டார். சிவப்பு. தாடை வீங்கி, துண்டை மோவாயோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார். பஞ்சு பொறுக்குகிற பெண்கள்வரை விஷயம் பரவி, அவர் தலையைக் கண்டாலே சிரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை. ஆத்தாவையே கையில் வைத்திருக்கிற ஆளாக நடந்துகொண்டேன்.

வியாழக்கிழமை அவர் துவைத்த வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்தார். என்ன கேட்கப் போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வழக்கம்போல் மாற்றிக் கட்டினேன். மத்தியானம் எல்லாரையும் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நீ எடுலே.”

“நானாண்ணே? நான் நாத்திகப் பயலாச்சே.”

“நீ நம்பாத ஆளு. உனக்கு எந்தப் பக்கமும் சாய்மானம் கெடையாது. எடு.”

எடுத்துக் கொடுத்தேன். சணலை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பூவைப் பார்த்தார். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு பிரஸ்ஸுக்குப் போனார். நான் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரே சொன்னார். மூத்த மகள் செல்லத்தாயி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்தாள். அவர்கள் தெருவில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை.

“மதுரையில வாத்தியார் டிரெய்னிங்குக்கு எடம் கெடச்சிருக்குன்னு கடுதாசி வந்துச்சு. திங்கக்கெழமைக்குள்ள போயிச் சேரணும். அவ தாய்மாமன் வீட்டுல, படிச்சது போதும், ஆவணியில கல்யாணத்த முடிச்சிருவோம்ங்கிறாக. எனக்கு ஒண்ணும் ஓடல. ஆத்தா காலுல போட்டேன். அவ அனுப்ப வேணாம்னுட்டா.”

“புள்ள என்ன சொல்லுதுண்ணே?”

“என்னத்தச் சொல்லும்? நேத்துலருந்து சோறு திங்கல.”

கையிலிருந்த சோற்று உருண்டையைத் திரும்ப வைத்தேன்.

“அண்ணே, இன்னொருக்கப் போட்டுப் பாப்பமே. பெரிய காரியமில்ல?”

“திரும்பக் கேட்டா அவள நம்பலன்னு அர்த்தம்லே. நீ அரளிப்பூன்னு நெனைக்க. எனக்கு அது அவ வாயி” என்றார்.

4

வெள்ளியும் சனியும் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. உண்மையைச் சொன்னால் அடி விழும் என்பது பெரிய பயமில்லை. முதலாளி வீட்டில் எல்லாரும் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள், அதனால் வேலை போய்விடும் என்பதுகூடப் பெரிதில்லை. அவர் என்னைச் சாய்மானம் இல்லாதவன் என்று நம்பி எடுக்கச் சொன்னாரே, அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்பதுதான். மோசடி செய்தால் சாமி கேட்கும் என்று நம்புகிறவனுக்காவது பரிகாரம் என்று ஒன்று இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். இறங்கி இரண்டு மைல் நடை. கரிசல் காட்டில் காய்ந்த பருத்திமார் பிடுங்கிய குழிகள், எட்டின மட்டும் வெயில். மாரியண்ணன் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் கட்டிலில் படுத்திருந்தார். தலையில் அந்தத் துண்டு அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க தம்பி” என்றார். செல்லத்தாயி கதவோரம் உட்கார்ந்து எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

நான் உட்காரவில்லை.

“அண்ணே, வியாழக்கெழம நான் எடுத்துக் குடுத்தேன்ல, எடுக்காம விட்டதும் செவப்புதான். காலையில நான்தான் மாத்திக் கட்டுனேன். வெளையாட்டுக்கு.”

அவர் துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார்.

“புதங்கெழம?”

“அதுவுந்தாண்ணே.”

“அப்பப் பல்லப் புடுங்கிருக்கலாமாலே?”

“புடுங்கிருக்கலாம்ணே.”

“ஆட்டுக்குட்டி?”

“வாங்கிருக்கலாம்.”

வீட்டுக்குள்ளிருந்து அவர் சம்சாரம், மதினி, அகப்பையோடு வந்துவிட்டார். “எங்கண்ணன் வீட்டுக் காதுகுத்து?”

நான் தலையைக் குனிந்தேன். “நாசமாப் போறவனே! எங்கண்ணன் மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்? நீயெல்லாம் வெளங்குவியா?” என்று ஆரம்பித்த மதினி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அவ்வளவும் எனக்கு வேண்டியதுதான். செல்லத்தாயி மட்டும் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

மாரியண்ணன் கையை உயர்த்தி மதினியை நிறுத்தினார். “அப்ப ஆத்தா இன்னும் வாயே தொறக்கல” என்றார். பிறகு மகளிடம், “கோயில்ல நந்தியாவட்டை இருக்கும், அரளியும் இருக்கும். பறிச்சிட்டு வா தாயி. பொட்டலத்த நீயே கட்டு. இவன் கை படவேணாம்” என்றார்.

அவள் ஓடிப் போய்ப் பறித்து வந்து கொல்லைப்பக்கம் உட்கார்ந்து கட்டினாள். இரண்டு பொட்டலத்தையும் வீட்டுப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“நீதாம்லே எடுக்கணும். செவப்ப எடுத்துக் குடுத்த கை, இன்னைக்கு என்னத்த எடுக்குன்னு பாப்போம்.”

சாமி இல்லை என்று நான் எத்தனையோ கூட்டத்தில் கைதட்டியிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் வெள்ளை வரட்டும் வெள்ளை வரட்டும் என்று யாரைக் கெஞ்சினேன் என்று எனக்கே தெரியாது. எடுத்தேன். அவர் பிரித்தார். நந்தியாவட்டை.

செல்லத்தாயி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதபடியே மற்றப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டாள். மதினி எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து, குடிப்பேனா என்று தயங்கி நின்றார். வாங்கிக் குடித்தேன். நடந்து வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, கேட்டுக்கு வெளியே மாரியண்ணன் என்னிடம் முதன்முதலாக ‘லே’ போட்டுப் பேசியிருக்கிறார். மன்னித்துவிட்டார் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை செல்லத்தாயியின் தகரப்பெட்டியை மதுரை பஸ்ஸின் மேல் ஏற்றியவன் நான்தான். செவ்வாய்க்கிழமை பிரஸ் ரூமில் எல்லாரையும் கூட்டி நடந்ததைச் சொல்லிவிட்டு மாரியண்ணன் எனக்குத் தண்டனை கொடுத்தார்: “இனிமே பூவு நீதாம்லே கட்டணும்.” மல்லிகை ஒன்று, அரளி ஒன்று. நான் ஊரை விடும்வரை ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டினேன். அந்தத் தண்டனைக் காலத்தில்தான் அவர் பிறகு வாங்கிய ஆட்டுக்குட்டியும் குட்டி போட்டது.

5

மேலே எழுதியதை நிறுத்தி நாலு நாள் ஆகிவிட்டது.

இந்தக் கதையை மீனாவுக்கும் சொன்னேன். பல்லுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் சிரித்தாள். “வியாழக்கிழமை செய்ததை ஞாயிற்றுக்கிழமை சொன்னாயா? மூன்று நாள்” என்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு உப்பு டப்பாவைத் தூக்கிப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். “இதுக்கும் மூன்று நாள் ஆச்சு அப்பா.” முழு வாக்கியமும் தமிழில் வந்ததால் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பார்த்தது, பங்கு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றோம். தமாஷ் என்று எழுதச் சொன்னேன். அவள் பேனாவை நகர்த்தவில்லை. யோசித்துவிட்டு, “அவர் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதனால் சுலபமாக இருந்தது” என்று எழுதச் சொன்னேன். மேற்பார்வையாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார். கோப்பில் அது பத்திரமாக இருக்கும்.

நேற்று மத்தியானம் வில்ஃபிரட் டப்பாவைத் திறந்து கண்ணை மூடினார். என் மனைவி சுட்டுக் கொடுத்த பணியாரத்தில் நாலை எடுத்து அவருடைய சாண்ட்விச் பக்கத்தில் சத்தம் போடாமல் வைக்கப் போனேன். கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார்:

“ராஜ், இன்றைக்கு எடுக்கிறாயா, வைக்கிறாயா?”

“வைக்கிறேன்” என்றேன். “அன்றைக்கு எடுத்ததும் நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.”

“தெரியும். எண்ணெய் நாற்றம் உள்ள கை இந்தப் பிரிவில் ஃபிட்டருக்குத்தான்” என்றார். பிறகு ஆமென் சொல்லிவிட்டுப் பணியாரத்தைத் தின்றார்.

6

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை நான் யாருக்கும் எழுதியதில்லை.

அறுபத்தாறில் எனக்கு இங்கே வேலைக்கு அனுமதிச் சீட்டு வந்தது. அம்மா அழுதாள், அப்பா கடைக் கணக்கை விட்டு நிமிரவே இல்லை. போகலாமா வேண்டாமா என்று எனக்கே தடுமாற்றம். கடைசி நாள் பாக்டரியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு பிரஸ் ரூமுக்குப் போனால், பலகையில் ஏற்கனவே இரண்டு பொட்டலம் இருந்தது.

“இன்னைக்கு ஒரு நாள் நான் கட்டிருக்கேன். உனக்காக. எடு” என்றார் மாரியண்ணன்.

எடுத்தேன். வெள்ளை. மல்லிகையை என் சட்டைப் பையில் போட்டு, “ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. தைரியமாப் போயிட்டு வாலே” என்றார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. அவர் பிரஸ்ஸுக்குப் போனார். எனக்குப் பழைய புத்தி போகவில்லை. மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அதிலும் மல்லிகை.

இரண்டாம் தரம் கேட்பதே ஆத்தாவை நம்பாததற்குச் சமம் என்று சொன்ன மனிதர், எனக்குச் சிவப்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்து, தன் ஆத்தாவையே ஏமாற்றியிருந்தார். பஞ்சுத் தூசிக்கு நடுவில் நின்று அழுதேன். இருந்தபடியே மடித்துக் கட்டிப் பலகையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மாரியண்ணனுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டதாம். செல்லத்தாயி திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது அவள் வேலை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாள். இது பத்திரிகையில் வந்தால் இதையும் அவள்தான் வாசித்துக் காட்டுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்பக்கம் உட்கார்ந்து நீ எந்தப் பூவை எதில் கட்டினாய் என்று நான் கேட்கப் போவதில்லை, தாயி. இந்த இடத்தில் நீ கொஞ்சம் நிறுத்தி, வேண்டுமானால் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த வரியை மட்டும் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசி.

அண்ணே, அன்னைக்கு நீங்க பிரஸ்ஸுக்குப் போன பொறகு மத்தப் பொட்டலத்தையும் நான் பிரிச்சுப் பாத்துட்டேன்.